சகலை போட்ட டிக்

ஆபீசில் அவருக்குப் 'பொறுமை' என்று பெயர். அவர் எழுதிய புரோகிராம் எதைத் திறந்தாலும் முதலில் 'கொஞ்சம் பொறுமையாக இருங்கள்' என்று ஒரு வரி வரும். அந்த வரி அவர் மேலேயே ஒட்டிக்கொண்டது. பொருத்தமான பெயர்தான் என்று எல்லோரும் நினைத்தார்கள். குரலை உயர்த்தாதவர், யாரைப் பற்றியும் குறையாக ஒரு சொல் சொல்லாதவர். அவர் எழுதுவதை உடைத்துப் பார்த்துப் பிழை சொல்வது என் வேலை, பக்கத்து மேசை. அவர் உள்ளுக்குள் எப்படிப் புகைந்துகொண்டிருந்தார் என்று எனக்குத் தெரியும். அவரே சொல்லுவார். சொல்லாமல் இருந்திருந்தால் வெடித்திருப்பார்.

எங்களுடையது சின்னக் கம்பெனி. கீழே தரைக்குப் பதிக்கும் டைல்ஸ் கடை, மாடியில் நாங்கள். பிரவுசரின் மேல் விளிம்பில் உட்காருகிற ஒரு டூல்பார், அதுதான் எங்கள் சரக்கு. வானிலை சொல்லும், அகராதி பார்க்கும், ஒரு தேடல் பெட்டி இருக்கும். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை பொறுமை ஒருவரே எழுதியது. நன்றாகத்தான் இருந்தது. என்ன, அப்படி ஒன்று இருக்கிறது என்பதே யாருக்கும் தெரியாது. வேண்டும் என்று தேடி வந்து இறக்கிக்கொள்கிறவர்கள் எத்தனை பேர் இருந்துவிடப் போகிறார்கள்? முதலாளி தினமும் ஜன்னலோரம் நின்று டைல்ஸ் லாரியை வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்த நேரத்தில்தான் பொறுமை தன் சகலையை அழைத்துவந்தார். மனைவியின் தங்கை கணவர். மெத்தைக் கடையில் விற்பனையில் இருந்தவர். உட்கார்ந்து பார்க்க வந்தவரைப் படுக்க வைத்து, படுத்தவரை எழுந்திருக்கவிடாமல் பேசி விற்றுவிடுவார் என்று பேர். கடை மூடிப்போய் வீட்டில் இருந்தார். தங்கை முகம் வாடியதைப் பார்த்துப் பொறுமையின் மனைவி ஆரம்பித்தார்: "என்னங்க, உங்க முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? வாயத் தொறந்தா முத்தா உதிர்ந்துடும்?" பொறுமையும் சொன்னார். வேலை கிடைத்தது. "நானே என் கையால கதவத் தொறந்துவிட்டேன்" என்று பின்னாளில் என்னிடம் சொல்லும்போதெல்லாம் தன் வலது கையை முறைத்துப் பார்ப்பார்.

சகலை வந்த கொஞ்ச நாளிலேயே ஒரு கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"சார், நம்ம டூல்பார யாராவது கேட்டு வாங்கணும்னு நாம ஏன் காத்துட்டு இருக்கோம்? பாட்டு கேக்குறதுக்கு, படம் சுருக்குறதுக்குன்னு ஜனங்க தினம் ஏதாவது ஒண்ண இலவசமா இறக்கிட்டுதான் இருக்காங்க. அதுங்களோட நாமளும் சேர்ந்து போயிடுவோம். 'இதையும் சேர்த்துக்கவா?'ன்னு கீழ ஒரு சின்னக் கட்டம். அதுல டிக் நாமளே போட்டு வச்சிடணும்."

"எடுத்துட மாட்டாங்களா?" என்றார் முதலாளி.

"யார் சார் படிக்கிறாங்க? 'சரி, சரி, சரி'ன்னு தட்டிட்டே போவாங்க. அந்தச் சரிக்குள்ள நாம ஏறி உட்கார்ந்துக்கிறோம், அவ்வளவுதான்."

முதலாளி ஜன்னலை விட்டு நகர்ந்து வந்து உட்கார்ந்தார். அதற்கப்புறம் அவர் லாரி பார்த்து நான் பார்க்கவில்லை.

டூல்பார் காட்டுத்தீயாகப் பரவியது. நாங்கள் இரண்டு மாடி ஆனோம். புதிது புதிதாக ஆட்கள் வந்தார்கள். தேடல் பெட்டியில் யார் எதைத் தேடினாலும் முதலில் விளம்பரம்தான் வரும். விளம்பரக்காரர்கள் வாசலில் நின்றார்கள். சகலைக்குக் கண்ணாடி அறை ஒன்று கட்டினார்கள். பொறுமையின் மேசை நகலெடுக்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருந்தது, அங்கேயே இருந்தது. கூட்டங்களில் முதலாளி, "நம்ம டூல்பார உருவாக்கினவர்" என்று கைகாட்டுவார். கை சகலையின் பக்கம் நீளும். எல்லோரும் தட்டுவார்கள். பொறுமையும் தட்டுவார், இரண்டு விரலால்.

பொறாமைக்குக் கண் கூர்மை. சகலையின் நாற்காலிக்குத் தலை சாய்க்க ஒரு திண்டு இருந்தது என்பதை நான் கவனித்ததே இல்லை, பொறுமை சொல்லும்வரை. "தலைக்குத் திண்டு! தலையால என்ன வேலை நடக்குது அங்க?" சகலைக்குக் காபி பீங்கான் கோப்பையில் போகும். எங்களுக்குக் காகிதக் கோப்பை. தட்டோடு அது கடந்துபோகும்போது பொறுமையின் கை விசைப்பலகையில் நின்றுவிடும். தண்ணீர் பிடிக்கக் கண்ணாடி அறையைத் தாண்டித்தான் போகவேண்டும். அதனால் படிக்கட்டு வழியாகச் சுற்றிக்கொண்டு அடுத்த மாடிக்குப் போய்ப் பிடித்துவருவார். அப்படியும் என்றாவது எதிர்ப்பட்டுவிட்டால் சகலை உள்ளிருந்தே எழுந்து நின்று கை ஆட்டுவார், பள்ளிக்கூட வாசலில் பிள்ளையைக் கண்ட அப்பா மாதிரி. ஒளிவு மறைவில்லாத அன்பு. அதுதான் கொடுமை. திமிர் பிடித்தவராக இருந்திருந்தால் பொறுமை பாதி ஆறிப்போயிருப்பார்.

எல்லாவற்றையும்விட மாமனார் வீடுதான் அவரை வறுத்தெடுத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு மகள்கள் குடும்பமும் அங்கே கூடும். மாமனார் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். புதிதாக ஒரு கம்ப்யூட்டர் வாங்கி, காலையில் அதன் முன் உட்கார்ந்தால் சாப்பாட்டுக்குத்தான் எழுந்திருப்பார். ஒரு ஞாயிறு, சாப்பிட்ட கை காய்வதற்குள் மருமகன்கள் இருவரையும் இழுத்துப்போய்த் திரையைக் காட்டினார்.

எதை எதையோ இறக்கி வைத்திருந்தார். ஒவ்வொன்றோடும் எங்கள் டூல்பார் ஒன்று வந்து, ஒன்றின் மேல் ஒன்றாகப் படிக்கட்டுபோல் அடுக்கியிருந்தது. படிக்க வந்த செய்தி கீழே ஒரு சந்தில் தெரிந்தது.

"பாருங்க மாப்பிள்ளை, எங்க போனாலும் நம்ம சின்ன மாப்பிள்ளை கம்பெனிதான்! கூப்பிடவே வேண்டாம், தானா வருது! நேத்து எதிர்வீட்டுக்காரர் கம்ப்யூட்டர்ல பார்த்தேன், அங்கயும் வந்து நிக்குது. அவருக்கே எப்படி வந்துச்சுன்னு தெரியல. எவ்வளவு பெரிய கம்பெனியா இருந்தா இப்படி வரும்!"

சகலை அடக்கமாகச் சிரித்தார். பொறுமைக்குத் தாங்கவில்லை.

"அத எழுதினது நான்தான் மாமா."

மாமனார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே, "ஆமா ஆமா, நீங்களும் அங்கதான இருக்கீங்க" என்றார்.

'நீங்களும்' என்ற அந்த 'உம்' பல நாள் அவர் தொண்டையில் முள்ளாக நின்றது. என்னிடம் அதை ஒரு வாரம் விதவிதமாகச் சொல்லிக்காட்டினார். எப்படிச் சொன்னாலும் அது அவரை வாசலில் நிறுத்தியது.

இதற்குள் ஊரெல்லாம் எங்களைக் கரித்துக்கொட்ட ஆரம்பித்திருந்தது. டூல்பாரை எடுத்தாலும் போவதில்லை, முகப்புப் பக்கத்தை மாற்றிவிடுகிறது, தேடுவதைக் காட்டாமல் வேறெதையோ காட்டுகிறது. பத்திரிகைகளில் எங்கள் பெயரோடு 'சர்ச்சைக்குரிய' என்ற சொல் பட்டப்பெயர்போலச் சேர்ந்தே வந்தது. போன் எடுக்கிற பெண் மதியத்துக்குள் களைத்துப்போய்விடுவாள். ஒருநாள் அவள் ஒலிபெருக்கியில் போட்டுவிட்டாள்; எல்லோரும் கேட்டோம். ஒரு அம்மா. மகன் காணாமல்போய்விட்டான், ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக எண் தேடுகிறாள், எதைத் தட்டினாலும் முடி வளர்க்கும் எண்ணெய் விளம்பரம் வருகிறது. "நான் என்னம்மா தப்பு பண்ணேன்? ஒரு பாட்டுப் பெட்டிதானே இறக்கினேன்?" பையன் சாயங்காலமே நண்பன் வீட்டில் இருந்து திரும்பிவிட்டான் என்று பிறகு தெரிந்தது. ஆனால் அந்தக் குரல் அறையில் அப்படியே நின்றது.

அடுத்த கூட்டத்தில் முதலாளி புது உத்தரவு போட்டார். நீக்குகிற பொத்தானை உள்ளே தள்ளி மறைக்கவேண்டும். அப்படியும் நீக்கினால், கம்ப்யூட்டரை அணைத்துப் போடும்போது டூல்பார் திரும்பி வரவேண்டும். சகலையின் யோசனை, எழுதவேண்டியது பொறுமை.

பொறுமை எழுந்தார். "இது தப்பு சார். போகச் சொன்னா போயிடணும். மறுபடி வந்து நின்னா அதுக்குப் பேரு விருந்தாளி இல்ல."

அவர் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டதே இல்லை. சகலைதான் முதலில் பேசினார்: "சகலை சொல்றதுல நியாயம் இருக்கு சார்." முதலாளி, "நியாயம் இருக்கு, எழுதிடுங்க" என்று அடுத்த விஷயத்துக்குப் போனார். பொறுமை எழுதிக்கொடுத்தார்.

வெளியே வந்ததும் நான் அவர் கையைப் பிடித்து, "நல்லா கேட்டீங்க" என்றேன். சுற்றிலும் பார்த்துவிட்டு என்னைப் படிக்கட்டுப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார்.

"நியாயத்துக்காகப் பேசினேன்னு நினைச்சியா? அந்தம்மா குரல் உறுத்துச்சு, இல்லன்னு சொல்லல. ஆனா சகலை மூக்கு உடையணும்னுதான் எழுந்தேன். இதே யோசனைய வேற யாராவது சொல்லியிருந்தா வாய மூடிட்டு எழுதிருப்பேன். அவரோ, எனக்கே பரிஞ்சு பேசி அந்த நல்ல பேரையும் தூக்கிட்டுப் போயிட்டார் பாரு."

அதற்கடுத்த சில ஞாயிற்றுக்கிழமைகள் மாமனார் வீட்டுக்கு அவர் போகவில்லை. தலைவலி என்று மனைவியை மட்டும் அனுப்பிவிட்டு, வெறும் வீட்டில் உட்கார்ந்து ஒரு சின்ன புரோகிராம் எழுதினார். எங்கள் டூல்பாரை வேரோடு பிடுங்கி எறிகிற புரோகிராம். எந்தெந்த மூலையில் எதை ஒளித்து வைத்தார் என்பது ஒளித்துவைத்தவருக்குத்தானே தெரியும்? 'துடைப்பம்' என்று பெயர் வைத்தார். எங்கள் டூல்பாரால் நொந்துபோனவர்கள் கூடிப் புலம்பும் இணைய மன்றம் ஒன்றில், தன் பெயரை மறைத்து, துடைப்பம் என்ற பெயரிலேயே புகுந்து இலவசமாகப் போட்டுவிட்டார்.

துடைப்பம் பறந்தது. நன்றி சொல்லிக் குவித்தார்கள். 'கை கொடுத்த தெய்வம்' என்றார் ஒருவர். 'அந்தக் கம்பெனிக்காரன் முகத்தில் இதாலேயே அடிக்கவேண்டும்' என்றார் இன்னொருவர். பொறுமை மதிய இடைவேளையில் செல்போனை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு அதையெல்லாம் படிப்பார். முகத்தில் ரத்தம் ஊறியது. தண்ணீர் பிடிக்கக்கூட கண்ணாடி அறை வழியாகவே போக ஆரம்பித்தார். எனக்கு அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். நான் வாய் திறக்கவில்லை. திறந்தால் வேலை போகும், அவருக்கும் எனக்கும்.

அந்த மகிழ்ச்சியும் நிலைக்கவில்லை. ஒருநாள் காலை முகம் சுண்டிப்போய் வந்தார்.

"என் வீட்டுக்காரி நேத்து துடைப்பத்தப் போட்டு கம்ப்யூட்டரச் சுத்தம் பண்ணா. பண்ணிட்டுக் கையெடுத்துக் கும்பிடுறா. 'யாரு பெத்த பிள்ளையோ, மகராசனா இருக்கணும். இப்படியும் மனுஷங்க இருக்காங்க, நம்ம வீட்லயும் ஒண்ணு இருக்கே, ஒரு குழாய் மாத்தித் தர துப்பில்லாம'ங்கிறா."

"சொல்லிடவேண்டியதுதானே?"

"சொன்னா தங்கச்சிக்குப் போகும், தங்கச்சிகிட்ட இருந்து அவருக்குப் போகும். வேண்டாம். ஆனா கேட்டுக்கோ, எனக்கு இப்ப அந்தத் துடைப்பத்து மேலயும் எரியுது. அவனுக்கு மட்டும் எவ்வளவு மரியாதை!"

சிரிக்கக்கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவர் சிரிக்கவில்லை.

டூல்பார் விழ ஆரம்பித்தது. ஏறின வேகத்திலேயே இறங்கியது. முதலாளி மறுபடி ஜன்னலோரம் போனார். சகலை பொறுமையைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். மேசைக்கு அந்தப்பக்கம் உட்காராமல் எழுந்துவந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். உள்ளே நடந்ததைப் பொறுமை என்னிடம் எழுத்துப் பிசகாமல் சொன்னார்.

"சகலை, நீங்கதான் காப்பாத்தணும். இந்தத் துடைப்பத்த எப்படியாவது உடைக்கணும்."

"பார்க்குறேன்."

"நான் அத நம்ம பசங்ககிட்டக் குடுத்துப் பார்த்தேன். கைய விரிச்சுட்டாங்க. எழுதினவன் சாதாரண ஆளில்லையாம். ஒவ்வொரு மூலையும் தெரிஞ்சிருக்கு. சொல்லக்கூடாதுதான், ஆனா மனசுல பட்டதச் சொல்றேன்: இப்படி ஒருத்தர் நம்மகிட்ட இல்லையே சகலை!"

பொறுமை எழுந்து நின்றார். வெளியே நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணாடிக்கு அப்பால் அவர் வாய் அகலத் திறந்ததும், கை தன் மார்பில் ஓங்கி அடித்துக்கொண்டதும்தான் தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை.

"நான்டா! அது நான்தான்டா!"

கல்யாணமான நாளிலிருந்து 'வாங்க, போங்க' என்று பேசிய வாய். ஒரு நிமிடத்தில் 'டா' வந்துவிட்டது. அதோடு நிற்கவில்லை. மெத்தைக் கடை, திண்டு வைத்த நாற்காலி, பீங்கான் கோப்பை, முதலாளியின் கை நீண்ட திசை, மாமனாரின் 'நீங்களும்'. உள்ளே சேர்த்து வைத்ததெல்லாம் வெளியே வந்து விழுந்தது. சொல்லச் சொல்ல அவருக்கே கூசியதாம். இவ்வளவு நாள் மலையாக நெஞ்சை அழுத்தியது, வாயால் சொல்லும்போது நாற்காலியும் கோப்பையுமாகச் சுருங்கிப் போனது.

சகலை முழுவதையும் கேட்டார். பிறகு மெதுவாக, "கோப்பையா?" என்றார்.

"ஆமா, கோப்பைதான்."

"கேட்டிருந்தா நானே கொண்டுவந்து வச்சிருப்பேனே."

"கேட்டு வாங்குறதுக்குப் பேரு மரியாதையா?"

சகலை தலையைக் குனிந்துகொண்டார். முதலாளியிடம் சொல்லமாட்டேன் என்று பொறுமையின் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தார். அந்தக் கணத்தில் பொறுமைக்கு அவர்மேல் இரக்கம்கூட வந்ததாம். கொஞ்ச நேரம்தான். பிடித்த கையை விடாமலே சகலையின் கண்கள் மெல்ல விரிந்தன. மெத்தை விற்ற கண்கள்.

"சகலை... துடைப்பம் உங்களோடதுன்னா, அது நம்மளோடதுதானே? அத நாமளே வெளியிடுவோம். டூல்பார எடுக்க ஜனங்க எப்படியும் இறக்கத்தான் போறாங்க. அதுக்குக் கீழ சின்னதா ஒரு கட்டம்..."

"அதுல ஒரு டிக்."

"நாமளே போட்டு வச்சிடுவோம்!"

பொறுமை கையை உருவிக்கொண்டார். "கோபம் வந்துச்சுன்னு நினைக்காதே" என்றார் என்னிடம். "எனக்கு அப்பவும் பொறாமைதான் வந்துச்சு. இந்த யோசனை ஏன் எனக்கு ஒருநாளும் வர்றதில்லன்னு. அப்பதான் பயந்தேன். இன்னும் கொஞ்ச நாள் இங்க இருந்தா எனக்கும் வர ஆரம்பிச்சிடும்."

நேரே முதலாளி அறைக்குப் போனார். துடைப்பம் தன்னுடையது என்று சொன்னார். கத்தல் இரண்டு மாடிக்கும் கேட்டது. சாயங்காலமே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். ஒரு அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு, லிஃப்டுக்குக்கூட நிற்காமல் படிகளில் இறங்கிப் போனார். வழக்குப் போடுவோம் என்று மிரட்டினார்கள். சகலைதான் முதலாளியிடம் நயமாகப் பேசி அதைத் தடுத்தார் என்று கேள்விப்பட்டேன். அதைப் பொறுமையிடம் சொன்னபோது, "அதையும் அவரேதான் செய்யணுமா?" என்று பல்லைக் கடித்தார்.

கம்பெனி அதற்கப்புறம் அதிக நாள் நீடிக்கவில்லை. பிரவுசர் செய்கிறவர்களே இப்படி ஒட்டிக்கொண்டு வருவதற்கெல்லாம் கதவை அடைத்துவிட்டார்கள். முதலாளி கம்பெனியின் பெயரை மாற்றிப் பார்த்தார், கடைசியில் விற்றும் விட்டார். நான் வேறிடம் போனேன். கப்பல் மூழ்குவதற்கு முன்பே சகலை குதித்துவிட்டார். இப்போது முன்னைவிடப் பெரிய இடம், முன்னைவிடப் பெரிய அறை.

பொறுமை பேருந்து நிலையத்துக்கு எதிரில், ஜெராக்ஸ் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவில், கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை போட்டார். துடைப்பத்தைத் தன் சொந்தப் பெயரில் வெளியிட்டார். ஒரு பத்திரிகையில் படத்தோடு வந்தது. வீட்டில் அன்று அவர் மனைவி அந்தப் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாராம். பிறகு, "அன்னைக்கு நான் கும்பிட்டது உங்களையா?" என்று கேட்டுவிட்டு, "சரி, குழாய் இன்னும் ஒழுகுது" என்றாராம். மாமனாரோ பத்திரிகையை எதிர்வீடு, பக்கத்து வீடு என்று ஒன்று விடாமல் கொண்டுபோய்க் காட்டினார். அவர் வீட்டுத் திரை இப்போது பளிச்சென்று இருந்தது. "நம்ம பெரிய மாப்பிள்ளை போட்ட துடைப்பம். ஒரு தட்டு, எல்லாம் காலி!" கேட்காமலே வந்து நின்றவற்றை இத்தனை நாள் பெருமையாகக் காட்டியவர் அதையெல்லாம் சுத்தமாக மறந்துவிட்டிருந்தார்.

போன மாதம் பொறுமையின் கடைக்குப் போயிருந்தேன். என்னைக் கண்டதும் முதுகை நிமிர்த்தி, ஸ்டூலை இழுத்துப் போட்டு, "உட்காரு, ஒரு விஷயம் சொல்லணும்" என்றார். முந்தின வாரம் சகலை மகளின் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்தாராம். பிரவுசரில் யார் யாரோ ஒட்டிவிட்ட நீட்சிகள் நிரம்பி மூச்சுத் திணறிக்கொண்டிருந்தது. பொறுமை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். சகலை ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடை சின்னதுதான், ஆனால் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். "துடைப்பம் சார் இருக்காரா?" என்று ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

வேலை முடிந்து லேப்டாப்பைக் கையில் வாங்கும்போது சகலை எங்கோ பார்த்தபடி சொன்னாராம்: "இப்பெல்லாம் மாமா வாயத் தொறந்தா உங்களப் பத்திதான். நான் ஒருத்தன் பக்கத்துல உட்கார்ந்திருக்கேன்னுகூட அவருக்கு ஞாபகம் இருக்குறதில்ல."

சொல்லிவிட்டு சகலை சிரித்தார். அந்தச் சிரிப்பில் என்ன இருந்தது என்பது பொறுமைக்கு உடனே தெரிந்தது. எத்தனையோ நாள் தன் முகத்தில் தானே சுமந்து திரிந்த சிரிப்பு.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"என்ன சொல்றது? வெளிய பஸ் சத்தம் வேற. 'என்ன சொன்னீங்க சகலை, சரியா காதுல விழலயே'ன்னேன்."

"பாவம். மறுபடி சொன்னாரா?"

"சொன்னார்" என்றார் பொறுமை. "முழுசா சொன்னார்."